தென்னந்தோப்பு என்று போட்டிருந்த இடம்

எங்கள் அலுவலகத்துக்குக் காலையில் முதலில் வருகிறவர் செய்ய வேண்டிய காரியம் சன்னல் திரைகளை இழுத்து மூடுவது. சத்துவாச்சாரியில் நெடுஞ்சாலையைப் பார்த்த மாடி அது. வெயில் கணினியின் மேல் விழுந்துவிட்டால் உழுதுபோட்ட மண்ணுக்கும் காய்ந்த புல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் வெளியே கிடக்கிற நிலத்தை நன்றாக மறைத்துவிட்டு, உள்ளே உட்கார்ந்து நிலத்தைப் பார்ப்போம்.

பார்ப்பதுதான் வேலை. செயற்கைக்கோள் எடுத்த படத்தில் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து நிலமெல்லாம் திரையில் வரும். கணினி ஏற்கெனவே அதைக் கோடு கிழித்துத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வகையைச் சொல்லி வைத்திருக்கும். இது நெல், இது தரிசு, இது முட்புதர், இது ஏரி, இது வீடுகள். அது சொன்னது சரியா என்று பார்த்து, தப்பாக இருந்தால் மாற்றி, கோடு கோணலாக இருந்தால் நேராக்கி அனுப்ப வேண்டும். நிலத்தடி நீரைப் பற்றி ஆராய்கிற ஓர் அமைப்புக்காக அந்த வரைபடம் தயாராகிக்கொண்டிருந்தது. புவியியல் படித்துவிட்டுப் பல வருடம் வீட்டில் இருந்த எனக்கு, படித்ததற்குச் சம்பந்தமான வேலை ஒன்று கிடைத்ததே பெரிய விஷயமாக இருந்தது.

சேர்ந்த முதல் வாரத்தில் எங்கள் குழுத் தலைவி என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். என்னைவிடச் சில வயது மூத்தவர். மேடம் என்றுதான் கூப்பிடுவோம்.

“மேல இருந்து பார்த்தா என்ன தெரியுதோ, அது நிலப்போர்வை. அங்க மனுஷன் என்ன பண்றானோ, அது நிலப்பயன்பாடு. ரெண்டையும் தனித்தனியா கேப்பாங்க. குழப்பிக்காத” என்றார். திரையில் பச்சையாக ஒரு சதுரத்தைத் தொட்டுக் காட்டினார். “இது இன்னா?”

“புல்லு மேடம்.”

“போர்வை புல்லு. சரி. பயன்பாடு?”

தெரியவில்லை. படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். ஓரத்தில் சின்னச் சின்னதாக வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. கல்லறைகள். “அதே புல்லுதான் காலேஜ் கிரவுண்டுலயும் இருக்குது. தான் எங்க வளர்ந்திருக்கோம்னு புல்லுக்குத் தெரியாது. நீதான் சொல்லணும்” என்றார்.

அந்த வார்த்தை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எங்கள் வீடு ஆம்பூரில். தினமும் பேருந்தில் வந்து போவேன். அதுவரை தூங்கிக்கொண்டு வந்த வழியை அப்புறம் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு வந்தேன். பாதி கட்டி நின்றுபோன மண்டபம்: போர்வை கட்டடம், பயன்பாடு ஆடு கட்டுமிடம். மனைக் கல் நட்டுக் கொடி கட்டிய வயல்: போர்வை பயிர், பயன்பாடு வீட்டுமனை. பள்ளிகொண்டா தாண்டிப் பாலாறு தெரியும்போது மட்டும் குழப்பம் வரும். தண்ணீர் ஓடுகிற நாட்கள் கொஞ்சம்தான். மற்ற நாளெல்லாம் மணல்தான். ஆனாலும் நாங்கள் அதற்கு ஆறு என்றே போட வேண்டும். என் பக்கத்து நாற்காலியில் வாணியம்பாடிப் பையன் ஒருவன் வேலை செய்தான். அவனுக்குக் கல்யாணம் ஆகிக் குழந்தையும் இருந்தும் எனக்குப் பையன் மாதிரிதான் தெரிவான். “அக்கா, போர்வை மணல், பயன்பாடு கிரிக்கெட்டுன்னு போட்டா மேடம் திட்டுவாங்களா?” என்று கேட்டான். திட்டினார்கள்.

ஒரு நாள் ஆம்பூர்ப் பக்கத்துத் துண்டு ஒன்று எனக்கு வந்தது. பாலாற்றின் கரையில் தோல் பதனிடுகிற ஒரு பழைய டேனரி, அதன் பின்னால் பெரிய தென்னந்தோப்பு, இரண்டுக்கும் நடுவில் வரிசையாகக் கட்டம் கட்டமாக வெள்ளை வெளேரென்று ஓரிடம். அதன் மேல் கணினி எழுதி வைத்திருந்தது: உப்பளம்.

சத்தமாகச் சிரித்துவிட்டேன். எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள். ஆம்பூரில் உப்பளம்! கடல் எங்கே, நாங்கள் எங்கே! கணினியை எல்லோரும் ஒரு பாடு கிண்டல் செய்து முடித்த பிறகு, அப்படியென்றால் அது என்னதான் என்ற கேள்வி நின்றது.

வாணியம்பாடிப் பையன் யோசிக்கவே இல்லை. “தோல் காய வெச்சிருக்காங்கக்கா. எங்க மாமா தோல் ஷாப்புல இப்படித்தான் விரிச்சி விடுவாங்க.”

“தோல் இவ்ளோ வெள்ளையா இருக்குமா?”

“சில தோல் இருக்கும்.”

மேடம் அது நாற்றங்கால் என்றார். மேலே வெள்ளை வலை போட்டிருப்பார்கள். நான் ஏதோ கொட்டகையின் தகரக் கூரை என்று நினைத்தேன். வேறு மாதங்களில் எடுத்த படங்களைத் திறந்து பார்த்தோம். ஒன்றில் அந்த இடம் கறுப்பாக இருந்தது. இன்னொன்றில் பாதி கறுப்பு, பாதி சாம்பல். கோடைப் படங்களில் மட்டும் அந்த வெள்ளை. தோல் என்றால் இப்படி மாறாது. நாற்றங்கால் என்றால் எதிலாவது பச்சை தெரிய வேண்டும். கூரை மாறவே மாறாது. மூன்று பேருடைய பதிலும் கைவிட்டுப் போனது.

“வெத்து நிலம்னு போட்டுட்டுப் போம்மா. நேரம் ஆவுது” என்றார் மேடம்.

போட்டேன். ஆனால் மனசு ஒப்பவில்லை. என் வீட்டிலிருந்து வண்டியில் போனால் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய இடம். அதைச் சத்துவாச்சாரியில் சன்னலை மூடிக்கொண்டு உட்கார்ந்து வெற்று நிலம் என்று நான் சொல்வதா?

என் கணவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருக்கிறார். தோலை மேசையில் விரித்து, அச்சு வைத்து, ஷூவின் மேல்பாகத்துக்கு வேண்டிய துண்டுகளை வெட்டித் தள்ளுகிற பிரிவு. வாரம் முழுக்க நின்றுகொண்டே வேலை. ஞாயிற்றுக்கிழமை கால் நீட்டிப் படுக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை கிடையாது.

“ஏங்க, ஆத்தோரம் ஒரு இடத்துக்குப் போய்ட்டு வரலாமா?”

“இன்னா இடம்?”

“அது இன்னான்னு தெரியல. அதனாலதான் போவணும்.”

“கோயிலுக்குப் போலாம்னா வரலாம். சொந்தக்காரங்க வீடுன்னாகூட வரலாம். இன்னான்னு தெரியாத இடத்துக்கு எவளாவது புருஷன கூப்பிடுவாளா?” என்று சொல்லிக்கொண்டே சட்டையை மாட்டினார்.

டேனரியின் வாசலில் பெரிய பூட்டுத் தொங்கியது. மூடி வருடங்கள் ஆகியிருக்கும் போலிருந்தது. பூட்டின் மேலேயே துரு. மதிலை ஒட்டிய மண்பாதையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். மதில் ஓரிடத்தில் இடிந்து கிடந்தது. அதைத் தாண்டிப் பார்த்தேன்.

தரையில் செங்கல் வைத்துக் கட்டிய ஆழமில்லாத பெரிய தொட்டிகள். ஒன்றையொட்டி ஒன்றாக, நடுவில் நடக்கிற அளவுக்கு வரப்பு. தொட்டிகளில் தண்ணீர் இல்லை. அடியில் வெள்ளையாக ஏதோ பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெயிலில் கண் கூசியது. இறங்கி, ஒரு பாளத்தைக் கையில் எடுத்தேன். மணிமணியாக உதிர்ந்தது. முகத்துக்குப் பக்கத்தில் கொண்டு போனேன்.

“வாயில வெக்காத!” என்று கத்தினார் கணவர். “பைத்தியமா உனக்கு? டேனரித் தண்ணி அது.”

“உப்புங்க.”

“உப்புதான். தோல் கெட்டுப் போகாம இருக்க உப்பு போட்டுத்தானே வரும்? அத கழுவுனா தண்ணி உப்பா ஆவும். அந்தத் தண்ணிய இங்க விட்டு வெயில்ல காய வெச்சிருக்காங்க. இப்பவும் மழைத் தண்ணி நின்னா கறுப்பாயிடும், கோடைல காஞ்சி மறுபடி வெளுக்கும்.”

“இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“நீ இன்னான்னு கேக்கவே இல்லியே. இடத்துக்குப் போலாம்னுதானே சொன்ன.”

எனக்குச் சிரிப்பு வந்தது. கடற்கரை எதையும் பார்க்காமல், கட்டத்தையும் வரப்பையும் வெள்ளையையும் மட்டும் பார்த்துக் கணினி சொன்னது கிட்டத்தட்டச் சரியாக இருந்தது. ஆம்பூரில் உப்பளம் இருக்காது என்று எங்களுக்குத் தெரிந்திருந்ததால்தான் நாங்கள் தப்பாகச் சொன்னோம். தொட்டிக்குள் அவரை நிற்க வைத்து அலுவலக டேப்லெட்டில் படம் எடுத்தேன். வெறுப்பாக நின்றார்.

வந்த காரியம் அதோடு முடிந்திருக்க வேண்டும். தொட்டிகளுக்கு அப்பால் தென்னந்தோப்பு. அதைப் பற்றி யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லை. கணினி தென்னை என்றது, நானும் சரி என்று குறி போட்டிருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்ததால் நிழலுக்காக உள்ளே போனோம், அவ்வளவுதான்.

நான்கைந்து மரம் தாண்டியதும் பேச்சுக் குரல் கேட்டது. இன்னும் கொஞ்சம் போனதும் ரேடியோ. பிறகு பார்த்தேன். மரங்களுக்கு நடுவே தார்ப்பாய் விரித்துப் பெண்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். முக்காடு போட்டவர்கள், பூ வைத்தவர்கள், கழுத்தில் சிலுவை போட்டவர் ஒருவர். ஒவ்வொருவர் மடியிலும் பழுப்பு நிறத் தோல். ஒரு கையில் ஊசி, மெழுகு தடவிய நூல். ஷூவின் மேல்பாகத்தை முன்பக்கம் சுருக்குச் சுருக்காகக் கையால் தைத்துக்கொண்டிருந்தார்கள். தைத்து முடித்தவை சாக்குப் பைகளில் மரத்தோரம் சாய்ந்திருந்தன. தண்ணீர்க் குடம், டீ பிளாஸ்க், ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கட்டிய சேலைத் தொட்டிலில் குழந்தை.

எங்களைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. ரேடியோவை யாரோ அணைத்தார்கள். என் கையில் இருந்த டேப்லெட்டைப் பார்த்தபடி ஓர் அம்மாள் எழுந்து வந்தார். இடுப்பில் சேலையைச் செருகிய விதத்திலேயே தோப்பு அவருடையது என்று தெரிந்தது.

“யாரு நீங்க? அளக்க வந்தீங்களா? ரோட்டுக்கா?”

“இல்லம்மா. சும்மா பார்க்க வந்தோம்.”

“சும்மா பார்க்க வர்றவங்க கைல அதெல்லாம் இருக்காது. போன வருஷமும் ரெண்டு பேரு கிணத்துத் தண்ணிய பாட்டில்ல புடிச்சிட்டுப் போனாங்க. அப்புறம் ஆளையே காணோம்.”

என்ன வேலை செய்கிறேன் என்று சொன்னேன். நம்பவில்லை. டேப்லெட்டில் படத்தைத் திறந்து காட்டினேன். அவருடைய தோப்பு மேலிருந்து பச்சைப் பூக்களைக் கொட்டி வைத்தது மாதிரி தெரிந்தது. சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் ஊசியோடு எழுந்து வந்துவிட்டார்கள். “இது நம்ம வேப்பமரம்.” “எங்க வீடு இங்கதான் வரணும், இன்னும் தள்ளு.” “நம்ம எங்க இருக்கோம்? நம்மள காணோமே?”

“மரத்துக்குக் கீழ இருக்கறவங்க தெரிய மாட்டாங்க” என்றேன்.

“அப்ப இந்த இடத்துக்கு இன்னான்னு எழுதியிருக்கீங்க?” என்று கேட்டாள் இருபது வயது சொச்சத்தில் இருந்த ஒருத்தி. முக்காட்டை இழுத்துப் பின்னால் செருகியிருந்தாள். மடியிலிருந்த ஷூவை இன்னும் கீழே வைக்கவில்லை.

“தென்னந்தோப்பு. பயன்பாடு விவசாயம்.”

தோப்புக்கார அம்மாள் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது. மேலே கையைக் காட்டினார். “பாரும்மா. மட்டை பச்சையாதான் வருது. காய் எங்க இருக்குது?” அண்ணாந்து பார்த்தேன். பாளைகள் இருந்தன. காய்கள் கைப்பிடிக்குள் அடங்குகிற அளவில் சூம்பித் தொங்கின. “கிணத்துத் தண்ணி உப்பாகி எவ்ளோ நாளு ஆச்சு. காய் வாங்கறவன் இந்தப் பக்கம் வர்றதையே விட்டுட்டான். வெட்டிடலாம்னுதான் இருந்தேன். இவங்கதான் வேணாம்னாங்க. வீட்டுல அஸ்பெஸ்டாஸ் கீழ உக்காந்து தைக்க முடியலயாம். இங்க காத்து வருதாம்.”

அப்போதுதான் கவனித்தேன், என் கணவர் என் பக்கத்தில் இல்லை. சாக்குப் பையின் அருகில் குந்தியிருந்தார். தைத்த ஒரு ஷூவை எடுத்து உள்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அங்கே பென்சிலால் எழுதியிருந்த நம்பரை விரலால் தடவினார்.

“இது நான் வெட்டினது” என்றார்.

யாருக்கும் புரியவில்லை. அவர் எழுந்து வந்து என்னிடம் அதைக் காட்டினார். “இந்த மாடல் எங்க கட்டிங்ல இருந்துதான் போவுது. வெட்டி, ஓட்ட போட்டு, பெட்டில போட்டு அனுப்புவோம். டெம்போ வந்து ஏத்திட்டுப் போவும். ஜாப் ஒர்க்குன்னு சொல்லுவாங்க. பத்து நாள் கழிச்சித் தையலோட திரும்பி வரும்.” ஷூவைக் கையில் புரட்டினார். “எங்க போவுதுன்னு நான் கேட்டதே இல்ல.”

“நீங்கதானா ஓட்ட போடற ஆளு?” என்றாள் முக்காட்டுப் பெண். முகமே மாறிவிட்டது. “இங்க வாங்க பாய். உக்காருங்க.”

அவரை அவள் பாய் என்று கூப்பிட்டதை அவரும் திருத்தவில்லை. அவள் ஓர் இடது கால் ஷூவை அவர் கையில் திணித்தாள். “இந்த வளைவுல பாருங்க. ஒரு ஓட்ட பாதிதான் விழுந்திருக்கு. எல்லா லெஃப்ட்லயும் அதே இடத்துல. ஒவ்வொண்ணுலயும் நாங்க குத்தூசி போட்டு இடிக்கறோம். கைய பாருங்க.” சுண்டு விரலில் துணி சுற்றியிருந்தது.

“தோல் இழுத்துக்கும்மா. கனமான தோல்ல அப்படி ஆவும்.”

“எல்லாத் தோலும் அதே இடத்துலயா இழுக்கும்?”

அவர் ஷூவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இன்னொன்றை எடுத்தார். மூன்றாவதை எடுத்தார். “அச்சுல ஒரு முள்ளு தேஞ்சிருக்கும்” என்றார். “நாளைக்குப் பார்க்கறேன்.”

“பார்க்கறேன்னு சொல்லிட்டுப் போய்ட்டீங்கன்னா?”

“ஆம்பூர்லதானே இருக்கறேன். எங்க போய்டப் போறேன்?”

டீ கொடுத்தார்கள். பிளாஸ்க் மூடியில் அவருக்கு, டம்ளரில் எனக்கு. என் கணவர் கிட்டத்தட்ட இருபது வருடமாக அந்த வேலையில் இருக்கிறார். வெட்டிய துண்டுகள் கதவைத் தாண்டிப் போனபின் என்ன ஆகின்றன என்பதை அன்றுதான் பார்த்தார். ஒரு பெண் தைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நூலை எங்கே இழுக்கிறாள், எங்கே விடுகிறாள் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமையில் படுக்க வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோனது.

கிளம்பும்போது முக்காட்டுப் பெண் என்னிடம் வந்தாள். “அக்கா, இங்க ஆளுங்க வேலை செய்யறாங்கன்னு மேப்புல போடுங்க. ஒரு பாத்ரூம்கூட இல்ல. போட்டா யாராவது வந்து பார்ப்பாங்க இல்ல?”

தோப்புக்கார அம்மாள் குறுக்கே வந்துவிட்டார். “அதெல்லாம் போடாத தாயி. இது விவசாய மோட்டாரு. கரண்ட்டு ஃப்ரீ. கம்பெனின்னு எவனாவது எழுதிட்டா புடுங்கிட்டுப் போய்டுவாங்க. அந்தத் தண்ணிலதான் மாட்டுக்குப் புல்லு வளக்கறேன்.”

“அப்ப நாங்க ஆத்துப் பக்கமே போய்ட்டு இருக்கணுமா ஆன்ட்டி?”

“நான் அப்படியா சொன்னேன்?”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை நாளும் வகை என்பது எனக்கும் கணினிக்கும் நடுவில் இருக்கிற விவகாரம். அந்த நிலத்தில் நிற்கிறவர்கள் எனக்கு எதிரில் நின்று, இதைப் போடு, அதைப் போடாதே என்று சொல்வார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. “எங்க மேடத்த கேக்கறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் உப்பு விஷயத்தைச் சொன்னதும் அலுவலகமே கூடிவிட்டது. படத்தில் என் கணவர் நின்ற கோலத்தைப் பார்த்து வாணியம்பாடிப் பையன், “அண்ணன் முகத்தப் பார்த்தாலே உப்புன்னு தெரியுதுக்கா” என்றான். உப்பளம் என்ற வகை கடற்கரைக்கு மட்டும்தான் என்று எங்கள் விதியில் இருந்தது. மேடம் யோசித்து, போர்வை உப்புப் படிவு, பயன்பாடு தொழிற்சாலைக் கழிவுநீர்த் தொட்டி, இப்போது செயல்படவில்லை என்று போடச் சொன்னார்.

தோப்பு விஷயத்தைச் சொன்னபோது அவர் சன்னல் திரையைக் கொஞ்சம் விலக்கிக் கீழே நெடுஞ்சாலையைப் பார்த்தார்.

“நம்ம மேல இருந்து பார்க்கறவங்க. ஒவ்வொரு தோப்புக்கும் போய்க் கீழ குனிஞ்சு பார்க்க முடியுமா?”

“முடியாது மேடம். ஆனா இது ஒண்ண பார்த்துட்டேனே.”

“பார்த்தத பார்க்காத மாதிரி போட முடியாது. அதுவும் சரிதான்.” திரும்பினார். “தொழிற்கூடம்னு போட்டா அது பொய். அங்க கட்டடம் இல்ல, மிஷின் இல்ல, மாட்டுக்குப் புல்லு வேற வளருது. விவசாயம்னு மட்டும் போட்டா அதுவும் பாதிப் பொய். கலப்புப் பயன்பாடுன்னு ஒண்ணு இருக்குது இல்ல? யாரும் அத தொடறதே இல்ல.”

“அதனால அவங்க மோட்டாருக்கு ஏதாவது வருமா மேடம்?”

“இந்த மேப்பு தண்ணி ஆராய்ச்சிக்கு. இத பார்த்து லைன் கட் பண்ண யாரும் வர மாட்டாங்க. பாத்ரூம் கட்டவும் வர மாட்டாங்க. ரெண்டையும் போய்ச் சொல்லிடு. தெரியாம போட வேணாம்.”

அதனால் ஒரு நாள் சாயங்காலம் ஆம்பூரில் பேருந்து இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் ஆட்டோ பிடித்துத் தோப்புக்குப் போனேன். பெண்கள் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேடம் சொன்னதை அப்படியே சொன்னேன். தோப்புக்கார அம்மாள், “கலப்புன்னா?” என்று கேட்டார். “தோப்பும் உண்டு, கைவேலையும் உண்டு, மாட்டுப் புல்லும் உண்டு” என்றேன். “அது நெஜம்தானே. போட்டுக்க” என்றார். முக்காட்டுப் பெண்ணுக்குத்தான் ஏமாற்றம். “அப்ப இந்த மேப்பால எங்களுக்கு ஒண்ணும் இல்ல” என்றாள். இல்லை என்றுதான் சொன்னேன். சொல்ல வருத்தமாக இருந்தது. அவள் என் போனை வாங்கி, தோப்பின் படத்தைப் பெரிதாக்கி, தான் உட்காரும் மரம் எது என்று தேடினாள். கண்டுபிடித்ததும், “எனக்கு அனுப்புங்க இத” என்றாள். பாத்ரூம் வேண்டும் என்று கேட்கப் பஞ்சாயத்துக்கு எல்லோருமாகப் போனபோது அந்தப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினார்களாம். இன்னும் கட்டவில்லை. பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்களாம். “பார்க்கறேன்னு சொன்ன அண்ணன் ஓட்டைய சரி பண்ணிட்டாரு, அவங்களும் பண்ணா சரி” என்று பின்னொரு நாள் போனில் சொன்னாள்.

ஆமாம், அச்சில் ஒரு முள் தேய்ந்துதான் இருந்தது. மாற்றிவிட்டார்கள்.

வரைபடத்தை அனுப்பினோம். சில வாரம் கழித்துக் கேள்விகள் திரும்பி வந்தன. உப்புத் தொட்டியைக் கேட்டிருந்தார்கள்: கடற்கரை இல்லாத இடத்தில் உப்புப் படிவு எப்படி, சான்று தேவை. என் கணவர் வெறுப்பாக நிற்கிற படத்தை அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். தோப்பைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் நானும் மேடமும் நீளமாக விளக்கம் எழுதி வைத்திருந்தோம். யாரும் திறந்து பார்த்த மாதிரியே தெரியவில்லை. வெள்ளையாகக் கண்ணில் உறுத்துகிற இடத்தைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். பச்சையாக இருந்தால் கடந்து போய்விடுகிறார்கள். நானும் அப்படித்தான் கடந்து போயிருந்தேன்.

அதற்கப்புறம் மேடம் சனிக்கிழமைகளில் அரை நாள் எங்களை நேரில் போய்ப் பார்க்க அனுப்பினார். சந்தேகம் இல்லாத இடங்களையும் பார்த்துவிட்டு வரச் சொன்னார். ஆலங்காயம் பக்கத்தில் காடு என்று போட்டிருந்தது காடாகவே இருந்தது. ஆற்காடு தாண்டி வாழைத்தோட்டம் வாழைத்தோட்டமாகவே இருந்தது. வாழைக்காரர் நாங்கள் அதிசயமாகப் பார்ப்பதைப் பார்த்து, வாழையை முன்பின் பார்த்ததில்லையா என்று கேட்டார். வாணியம்பாடிப் பையன் அலுத்துக்கொண்டான். “பேஜார்க்கா. போற எடத்துல எல்லாம் போட்டது போட்டபடியே இருக்குது.” எனக்கு அலுக்கவில்லை. இருக்கும் என்று நினைத்துப் போவதற்கும் இருக்குமா என்று போவதற்கும் கால் வைக்கிற விதமே வேறாக இருந்தது.

ஒரு நாள் மதியம் கணவர் போன் செய்தார். வேலை நேரத்தில் கூப்பிடவே மாட்டார்.

“எங்க கம்பெனிக்குப் பின்னாடி, தண்டவாளத்த ஒட்டிப் பச்சையா ஒண்ணு இருக்குமே, அதுக்கு இன்னான்னு போட்டிருக்க?”

தேடி எடுத்துப் பார்த்தேன். “முட்புதர். பயன்பாடு இல்லை.”

“பயன்பாடு இல்லையா? ஞாயித்துக்கிழம வா, காட்டறேன்.”

போனோம். வெளியே இருந்து பார்த்தால் சீமைக்கருவேலம் நெருக்கமாக நின்றது, வேறொன்றும் இல்லை. அவர் தலையைக் குனிந்து ஓர் இடுக்கில் நுழைந்தார். உள்ளே கிளைகளை வெட்டி ஓர் அறை மாதிரி செய்திருந்தார்கள். மரத்தில் ஆளுயரக் கண்ணாடி மாட்டியிருந்தது. அதன் முன்னால் சுழலும் நாற்காலி. காத்திருக்கிறவர்களுக்குப் பலகை, பழைய சினிமா இதழ்கள். முடி வெட்டுகிறவர் என் கணவரைப் பார்த்ததும் துண்டை உதறினார்.

“இன்னா சார், வீட்டம்மாவையும் கூட்டினு வந்துட்டீங்க?”

“இவங்க இத மேப்புல புதர்னு போட்டிருக்காங்க. அதான் காட்டலாம்னு.”

“புதர்தானேம்மா” என்றார் அவர், என்னைப் பார்த்து. “நான் இல்லாத நேரத்துல புதர்தான்.”

என் கணவர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். கழுத்தில் துண்டு விழுந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இன்னோர் ஒற்றையடிப் பாதை புதருக்குள் வளைந்து போவது எனக்குத் தெரிந்தது. அந்தப் பக்கத்திலிருந்து இரும்பைத் தட்டுகிற சத்தம் வந்தது.

“அங்க இன்னா இருக்குது?” என்று கேட்டேன்.

“போய்ப் பாருங்களேன். இவருக்கு இன்னும் நேரம் ஆவும்.”

கைப்பையைக் கணவரின் மடியில் வைத்துவிட்டு, முள் படாமல் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தேன்.